முடிவு தொடக்கத்துக்கு முன்னால் வந்தபோது

நான் கர்னலில் வேலை செய்கிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் ராணுவம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு கல்யாணத்தில் அம்மாவின் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், "பாப்பா மிலிட்டரில பெரிய பதவியாமே? எந்த பார்டருங்க?" என்று கேட்டார். அம்மா கொஞ்சமும் அசராமல், "வூட்லருந்தே பாக்கறாளுங்க" என்றாள். அவர் அதையும் நம்பிவிட்டார்.

கணினியில் எந்த நிரல் ஓடினாலும், அதற்கு அடியில் உட்கார்ந்து நினைவகத்தையும், கோப்புகளைச் சேமிக்கிற வட்டையும் பங்கிட்டுக் கொடுக்கிற நிரலுக்குத்தான் கர்னல் என்று பெயர். பெங்களூரில் ஒரு நிறுவனம் கோப்புகளைச் சேமித்து வைக்கும் சின்னப் பெட்டிகளைச் செய்கிறது. அந்தப் பெட்டிக்குள் ஓடும் கர்னலில், கோப்புகள் சம்பந்தப்பட்ட பகுதியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்தக் கர்னல் எங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமானதல்ல. உலகம் முழுக்க இருக்கிற ஆட்கள் சேர்ந்து எழுதுவது. அதில் ஒரு வரியை மாற்ற வேண்டும் என்றாலும் எல்லோரும் பார்க்கிற மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பி, நாலு பேர் கேள்வி கேட்டு, பதில் சொல்லி, அதன்பிறகுதான் உள்ளே போகும்.

எங்கள் வீடு காரிமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளி, மானாவாரிக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது. அங்கே இணையம் வரும், போகும். அதனால் தினமும் பஸ் பிடித்துக் காரிமங்கலத்துக்கு வந்துவிடுவேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த தோழி ஒருத்தி அங்கே மெயின் ரோட்டில், ஒரு மாடியில், கல்யாண வீடியோவும் ஆல்பமும் செய்து தருகிற ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். அவளுடைய அப்பா தர்மபுரியில் தையல் கடைக்காரர். மகள் தையல் மிஷினில் உட்காருவாள் என்று நினைத்தார். அவள் கேமராவைத் தூக்கிக்கொண்டாள். ஜன்னலோரம் ஒரு மேஜையை எனக்கு விட்டுக்கொடுத்தாள். அவளுடைய கணினிகளுக்கு வைத்தியம் பார்ப்பது என் பொறுப்பு. கீழே ஒரு அண்ணன் வெல்டிங் பட்டறை நடத்துகிறார். அவர் இரும்பு கேட்டுகளைப் பற்றவைக்கும்போதெல்லாம் மேலே எங்கள் விளக்குகள் ஒரு கணம் மங்கி எழும். பழகிவிட்டால் அதுவும் ஒரு தாளம்தான்.

எங்கள் நிறுவனத்தின் பெட்டி ஒன்றைத் தோழிக்கு வைத்துக் கொடுத்திருந்தேன். அவளுடைய கல்யாணங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. புதிய கர்னலை முதலில் அதில் போட்டுப் பார்ப்பேன். அதற்கு அவளுடைய சம்மதம் உண்டு. அவளுடைய வீடியோக்களுக்கு வேறொரு வட்டில் நகலும் உண்டு.

ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பி, "ஏன்டி, உன் பொட்டி தூங்கவே தூங்காதா?" என்றாள்.

நான் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினேன். அமைதியான நேரம். கீழே பட்டறையில் சாப்பாட்டு இடைவேளை. பெட்டிக்குள் இருந்த வட்டு, 'கறக்' என்றது. கொஞ்சம் விட்டு மறுபடி, 'கறக்'.

"நான் ஒண்ணும் காப்பி பண்ணல. ரெண்டு கம்ப்யூட்டரும் ஆஃப்ல கெடக்குது. அப்புறம் யாருக்காக இது எழுதிக்கிட்டே இருக்குது?" என்று கேட்டாள்.

எனக்கும் அதே கேள்விதான். யாரும் எதையும் எழுதச் சொல்லாதபோது வட்டுக்கு என்ன வேலை?

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நாம் கோப்பில் எழுதுகிற எதுவும் உடனே வட்டுக்குப் போய்விடாது. முதலில் நினைவகத்தில் நிற்கும். பிறகு கர்னல் தனக்குத் தோதான நேரத்தில் அதை வட்டில் கொண்டுபோய் எழுதும். அவசரம் என்றால் நிரல்கள் கர்னலிடம், 'இந்தக் கோப்பில் இந்த பைட்டிலிருந்து இந்த பைட் வரைக்கும் இப்போதே வட்டில் எழுது, முடிந்ததும் சொல்' என்று கேட்கலாம். பைட் என்பது ஓர் எழுத்து அளவு இடம். இப்படித் தொடக்கமும் முடிவும் கொடுத்துக் கேட்பதைக் கவனிக்கிற பகுதிதான் என்னுடைய வயல்.

யார் கேட்கிறார்கள், எங்கிருந்து எங்கே என்று கர்னல் திரையில் சொல்லும்படி அந்த இடத்தில் ஒரு வரி சேர்த்தேன். பெட்டியை மறுபடி ஓட்டினேன். 'கறக்' என்று கேட்டதும் திரையில் ஒரு வரி விழுந்தது. நான் அதைப் படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன்.

தொடக்கம் ஐயாயிரம். முடிவு நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

"என்னாச்சு? வைரஸா?" என்று பக்கத்தில் வந்து நின்றாள் தோழி.

"இல்லடி. யாரோ ஐயாயிரத்துல ஆரம்பிச்சு, அதுக்கு முந்தின எடத்துல முடிக்கச் சொல்றாங்க."

"அப்ப ரிவர்ஸ்ல எழுதுமா?"

"அது மாதிரி ஒண்ணும் கெடையாது. அப்படிக் கேக்கறதே தப்பு."

"தப்புன்னா சொல்ல வேண்டியதுதானே? எதுக்கு எழுதுது?"

அதுதான் எனக்கும் புரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இப்படிப்பட்ட மத்தியானங்களுக்காகத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன். ஒரு பொருள் தான் செய்யக்கூடாத ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறது, அது ஏன் என்பது எங்கேயோ எழுத்தில் கிடக்கிறது, படித்தால் கிடைத்துவிடும்.

முதலில் கேட்பவரைப் பிடித்தேன். பெட்டிக்குள் அன்றாட நடப்புகளைக் குறித்து வைக்கிற ஒரு சின்ன நிரல் இருந்தது. அது அடிக்கடி எழுந்து, 'போனமுறைக்குப் பிறகு நான் புதிதாகச் சேர்த்ததை மட்டும் வட்டில் எழுது' என்று கேட்டது. புதிதாக ஒன்றும் சேர்க்காத நேரத்திலும் கேட்டது. தொடக்கத்தோடு அளவைக் கூட்டி ஒன்றைக் கழித்தால்தான் கடைசி பைட்டின் எண் வரும். புதிதாகச் சேர்த்தது பூஜ்யம் பைட் என்றால், அந்தக் கணக்கில் முடிவு தொடக்கத்தைவிட ஒன்று குறைந்துவிடும். அப்படித்தான் ஐயாயிரத்துக்கு முந்தைய எண் வந்தது. அந்த நிரல் குழப்பம் எதுவும் செய்யவில்லை. ஒன்றுமில்லாததை எழுதச் சொன்னது, அவ்வளவே.

அடுத்தது, கர்னல் அதற்கு ஏன் எழுதியது? கர்னல் பைட் பைட்டாக வேலை செய்யாது. கோப்பைப் பக்கங்களாகப் பிரித்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத்தான் எழுதும். ஒரு பக்கத்தில் நாலாயிரத்துச் சொச்சம் பைட்கள். வந்த இரண்டு எண்களையும் அது முதலில் பக்க எண்களாக மாற்றுகிறது. ஐயாயிரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ, அதற்கு முந்தைய எண்ணும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே பக்கக் கணக்கில் பார்த்தால் தொடக்கமும் முடிவும் ஒன்று. தலைகீழாக வந்த எல்லை, உள்ளே நுழைந்ததும் நேராக மாறிவிடுகிறது! கர்னலும் முழுப்பக்கத்தையும் எடுத்து வட்டில் எழுதிவிடுகிறது. அந்தப் பக்கத்தில் வேறொரு மூலையில் இன்னொரு நிரல் ஒரு எண்ணை மாற்றிக்கொண்டே இருந்ததால், ஒவ்வொரு முறையும் எழுதுவதற்கு ஏதோ ஒன்று இருந்தது. சாவகாசமாகப் போயிருக்க வேண்டியது ஓட ஓட விரட்டப்பட்டது.

இதைக் கண்டுபிடித்தபோது நான் கை தட்டிவிட்டேன். தோழி திரையில் மணப்பெண் ஒருத்தியின் முகத்தில் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவள், திரும்பிப் பார்த்துத் தானும் தட்டினாள். "எதுக்குன்னு தெரியல, ஆனா நல்லாருக்கு" என்றாள்.

திருத்தம் சுலபம் என்று நினைத்தேன். பக்கமாக மாற்றுவதற்கு முன்னால், வாசலிலேயே, முடிவு தொடக்கத்துக்கு முன்னால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் 'தவறான உள்ளீடு' என்று பிழைக்குறி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். எழுதி, பெட்டியில் ஏற்றினேன். சத்தம் நின்றது. ஆஹா என்று இருந்தது.

மறுநாள் காலையில் பாலக்கோட்டிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வீடியோ பார்க்க வந்தார்கள். புது மாப்பிள்ளை, பெண், பெண்ணின் பெரியப்பா. தக்காளி மண்டிக்கு லோடு இறக்கிவிட்டு அப்படியே வந்ததாகப் பெரியப்பா சொன்னார். தோழி பெரிய திரையில் வீடியோவை ஓட்டினாள். நலங்கு, ஊர்வலம் எல்லாம் நன்றாக ஓடியது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். படம் நின்றுவிட்டது.

தோழி என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன். அது தானாக அணைந்து மறுபடி எழுந்துகொண்டிருந்தது. காத்திருந்து மறுபடி ஓட்டினோம். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். மறுபடி நின்றது.

"என்னங்கம்மா, மாப்ள கையத் தூக்கினாரு, அப்படியே நிக்கறாருங்களே" என்றார் பெரியப்பா.

"நான் அன்னிக்கு டக்குனு கட்டிட்டேனுங்க" என்று மாப்பிள்ளை அவசரமாகச் சொன்னார்.

மணப்பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "இல்லீங்க பெரியப்பா, அன்னிக்கும் இப்படித்தான் கை நடுங்கி நின்னாரு. கரெக்டாத்தான் எடுத்திருக்காங்க" என்றாள். அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. தோழி அவர்களைக் கீழே டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

"மேடம், என் மாப்ளைக்குத் தாலி கட்ட வழி விடுவீங்களா?"

பழைய கர்னலை ஏற்றினேன். அவர்கள் திரும்பி வந்து பார்த்தபோது திரையில் தாலி கட்டி முடிந்தது. அட்சதையும் விழுந்தது.

நடந்தது இதுதான். நடப்புகளைக் குறிக்கும் அந்தச் சின்ன நிரல் இதுவரை ஒருநாளும் பிழைக்குறியைப் பார்த்ததில்லை. நான் முதல்முறையாக அதன் முகத்தில் 'தவறு' என்று சொன்னதும் வட்டே கெட்டுவிட்டது என்று பயந்து நின்றுவிட்டது. அது நின்றதைக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்து, பெட்டியைக் காவல் காக்கும் இன்னொரு நிரல் பெட்டியையே அணைத்து எழுப்பியது. முந்தின நாளிலிருந்தே இப்படித்தான் நடந்திருக்கிறது, யாரும் வீடியோ ஓட்டாததால் தெரியவில்லை.

அன்று மாலை பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அதையே யோசித்துக்கொண்டு போனேன். பூஜ்யம் பைட்டை எழுதச் சொல்வது குற்றமா? புதிதாக இருப்பதை எழுது என்கிறது அந்த நிரல், புதிதாக எதுவுமில்லை. அப்படியானால் எழுத வேண்டியதெல்லாம் எழுதியாகிவிட்டது என்பதுதானே உண்மை? 'முடிந்தது' என்று சொல்லி அனுப்பிவிடலாமே. திட்டவும் வேண்டாம், வட்டைத் தொடவும் வேண்டாம். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, நிலக்கடலைக் காட்டு வரப்பு வழியாகத் திரும்பி நடந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. மனசு லேசாக இருந்தது.

பிழைக்குறியை எடுத்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் வெற்றி என்று திரும்பும்படி மாற்றினேன். திருத்தம் இரண்டே வரி. ஏன் இந்தத் திருத்தம் என்கிற விளக்கம் ஒரு பக்கம்.

"ரெண்டு வரிக்கா இத்தனை பாடு?" என்றாள் தோழி. ஆனால் அனுப்பும் பொத்தானைத் தான்தான் அழுத்துவேன் என்று அடம்பிடித்து, பிஸ்மில்லா சொல்லி அழுத்தினாள்.

சில நாட்கள் கழித்துப் பதில் வந்தது. அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர், எங்கோ குளிர் நாட்டில் இருக்கிறவர், சுருக்கமாக எழுதுகிறவர். திருத்தம் சரியாகத்தான் தெரிகிறது என்றார். பிறகு ஒரு கேள்வி. இந்தப் பகுதி ரொம்ப காலமாக இப்படியே இருக்கிறது. தலைகீழ் எல்லை கொடுத்தாலும் தற்செயலாக ஒரு பக்கம் எழுதப்பட்டுவிடுகிறது. அந்தத் தற்செயலை நம்பிக்கொண்டு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தீர்களா?

நான் பார்த்திருக்கவில்லை. கர்னலில் அந்த வசதியைக் கூப்பிடுகிற இடங்கள் ஏராளம். ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். பெரும்பாலும் சரியாக இருந்தன. ஒரு சந்தை நாளன்று, வெளியே தேங்காய் வண்டிகளும் ஆடுகளும் ரோட்டை அடைத்துக்கொண்டு ஹாரன் சத்தம் காதைப் பிளக்கிற நேரத்தில், அதிகம் பேர் பயன்படுத்தாத ஒரு பழைய கோப்பு முறைமையை, அதாவது கோப்புகளை வட்டில் அடுக்கி வைக்கிற ஒரு பகுதியை, படித்துக்கொண்டிருந்தேன். சின்னச் சின்ன அளவீட்டுக் கருவிகளுக்காக எழுதப்பட்டது அது. ஒவ்வொரு பதிவையும் எழுதியதும், வட்டுக்கு அனுப்பச் சொல்லி இரண்டு எண்கள் கொடுக்கிறது. முதலில் முடிவு. பிறகு தொடக்கம்.

நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டேன்.

"பல்லியா?" என்று தோழி காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டாள்.

"மாத்திக் குடுத்திருக்காங்கடி! ரெண்டையும் எடம் மாத்திக் குடுத்திருக்காங்க! இத்தனை வருஷமா யாரும் பாக்கல!"

அந்தக் கருவிகளின் பதிவுகள் சின்னவை. தொடக்கமும் முடிவும் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் விழுந்துவிடும். எண்கள் தலைகீழாக வந்தாலும் பக்கக் கணக்கில் நேராகி, தற்செயலாக எழுதப்பட்டுவந்தன. என் திருத்தம் மட்டும் உள்ளே போயிருந்தால், வாசலிலேயே 'ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்பியிருக்கும். ஒரு பதிவும் உடனே வட்டுக்குப் போயிருக்காது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் தெரிந்தது. எப்போதாவது ஒரு பதிவு ஒரு பக்கத்தின் கடைசியில் தொடங்கி அடுத்த பக்கத்தில் முடிந்தால், பக்கக் கணக்கிலும் அது தலைகீழாகவே இருக்கும். அப்போது பழைய கர்னலும் எதையும் எழுதியிருக்காது. அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனால் அந்தப் பதிவு போனது போனதுதான். இது என் திருத்தத்துக்கு முன்பிருந்தே இருக்கிற ஓட்டை.

இரண்டு எண்களையும் இடம் மாற்றி இன்னொரு திருத்தம் எழுதினேன். ஆனால் சொன்னால் போதாது, காட்ட வேண்டும். நிஜமாகவே மின்சாரத்தைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். எங்கள் பெட்டியோ பிளக்கைக் கழற்றினாலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கிற சாதுவான பெட்டி. அதனால் வேறொரு வெறும் சர்க்யூட் போர்டில் அந்தக் கோப்பு முறைமையை ஏற்றினேன். அதை மின்கலம் எதுவும் இல்லாமல் நேராகச் சுவரில் சொருகினேன். எங்கள் மாடிக்கான மெயின் சுவிட்ச் கீழே பட்டறைக்குள் இருக்கிறது. பட்டறை அண்ணனிடம் போய்க் கேட்டோம்.

அவர் முகமூடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். "ஊரெல்லாம் கரண்ட் போகக்கூடாதுன்னு வேண்டிக்கிறாங்க. நீங்க போகணும்னு கேக்கறீங்களா?"

"நான் மேலருந்து சொன்னதும் டப்புனு ஆஃப் பண்ணணுங்கண்ணே. மெதுவா கூடாது" என்றேன்.

"மெதுவா எவன் சுவிட்ச் போடுவான்? சொல்லும்மா, பாத்துக்கலாம்."

தோழியின் இரண்டு கணினிகளையும் முறையாக அணைத்துவிட்டு ஆரம்பித்தோம். நான் மடிக்கணினியில் பார்த்துக்கொண்டிருப்பேன். பதிவு எழுதி முடித்து, 'வட்டுக்குப் போய்விட்டது' என்று போர்டு சொன்ன கணத்தில் நான் கையைக் காட்டுவேன். தோழி ஜன்னலில் குனிந்து, "அண்ணே!" என்று கத்துவாள். கீழே 'டப்' என்று கேட்கும். மறுபடி போட்டு, பதிவு இருக்கிறதா என்று பார்ப்போம்.

பழைய கர்னலில் சின்னப் பதிவுகள் இருந்தன. பக்க எல்லையில் விழுந்த பதிவைக் காணோம். என் முதல் திருத்தம் மட்டும் போட்டதில் எதையுமே காணோம். ஒவ்வொரு முறையும் அண்ணன் கீழிருந்து, "இருக்குதா, போச்சா?" என்று கேட்டார். "போச்சுங்கண்ணே!" என்று தோழி குதூகலமாகக் கத்தினாள். சந்தைக்குப் போகிறவர்கள் நின்று மாடியைப் பார்த்தார்கள். எங்கள் மாடியில் என்ன போனது, அதற்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று அவர்களுக்கு விளங்கியிருக்காது.

கடைசியாக இரண்டு திருத்தங்களையும் சேர்த்துப் போட்டேன். பக்க எல்லையில் விழுகிற மாதிரி ஒரு பதிவை எழுத விட்டேன். 'போய்விட்டது' என்று போர்டு சொன்னது. நான் கையைத் தூக்கினேன். தோழி ஜன்னலில் குனிந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மின்விசிறி நின்றது.

"அண்ணே, நான் இன்னும் சொல்லவே இல்லையே!"

"நான் தொடவே இல்லம்மா! ஊரே போச்சு!"

எட்டிப் பார்த்தால் தெரு முழுக்க மின்சாரம் இல்லை. எதிரே ஜூஸ் கடை மிக்சி நின்றுவிட்டது. அந்தக் கடையின் டவர் ஸ்பீக்கரில் பாதிப் பாட்டு அறுந்து தொங்கியது. அண்ணன் மேலே ஏறி வந்தார். மூன்று பேரும் இருட்டான ஸ்டுடியோவில், கல்யாண மேடைக்கான பிளாஸ்டிக் பூ வளைவுக்குக் கீழே உட்கார்ந்து காத்திருந்தோம். தோழி வறுத்த கடலை எடுத்து வந்தாள். அண்ணன், தான் முதன்முதலில் பற்றவைத்த கேட் எப்படிக் கோணலாகப் போனது என்றும், அந்த வீட்டுக்காரர் அதற்குத் தக்கபடி சுவரைக் கோணலாகக் கட்டிக்கொண்டார் என்றும் கதை சொன்னார். சிரித்து எனக்கு விக்கல் எடுத்துவிட்டது.

மின்சாரம் வந்தது. போர்டு எழுந்தது. மூன்று தலைகள் ஒரு சின்னத் திரையை மறைத்துக்கொண்டு குனிந்தன. பதிவு அப்படியே இருந்தது. ஒரு பைட் கூடக் குறையவில்லை.

"இருக்குது!" என்று மூவரும் ஒன்றாகக் கத்தினோம். எதிர்க்கடையில் யாரோ மின்சாரம் வந்ததற்காக விசிலடித்தார்கள். எங்களுக்காகவே அடித்ததாக நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு திருத்தங்களையும் சேர்த்து மறுபடி அனுப்பினேன். கர்னலில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. திருத்தத்தின் அடியில், அதை யார் யார் சோதித்தார்கள் என்று பெயர் போடலாம். தோழியிடம் கேட்டேன். "போட்டோல முகம் நல்லா வந்தாப் போதும்னு இருந்தவளுக்கு இதெல்லாமா!" என்று சொல்லிவிட்டு, எழுத்துக்கூட்டித் தானே தட்டச்சுச் செய்தாள். அண்ணனிடம் போனேன். மின்னஞ்சல் முகவரி வேண்டும் என்றேன். கேஸ் சிலிண்டர் பதிவதற்காக மகள் எப்போதோ செய்து கொடுத்த முகவரி ஒன்றைப் போனில் தேடி எடுத்தார். "இனிஷியலோட போடும்மா" என்றார்.

விவாதம் கொஞ்ச நாள் நடந்தது. ஒருவர், தலைகீழ் எல்லை வந்தாலே கர்னல் சத்தமாக எச்சரிக்க வேண்டும் என்றார். நான் தாலி கட்டும் காட்சியை நாசூக்காக விவரித்து, பூஜ்யம் பைட் கேட்பவரைப் பயமுறுத்தக்கூடாது என்று எழுதினேன். கடைசியில், ஒன்றே ஒன்று குறைந்து வந்தால் பேசாமல் வெற்றி சொல்லிவிடுவது, அதற்குமேல் தலைகீழாக வந்தால் ஒரே ஒரு தடவை எச்சரித்துவிட்டு அதையும் எழுதாமல் அனுப்பிவிடுவது என்று ஒத்துக்கொண்டோம். பொறுப்பாளர், அந்த இரண்டாவது சோதனையாளர் என்ன ஏற்பாடு வைத்துச் சோதித்தார் என்று விசாரித்தார். 'மெயின் சுவிட்ச்' என்று பதில் எழுதினேன். அதற்கு அவரிடமிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அந்த மனிதர் சிரித்து எழுதி அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

பிறகு, நான் எதிர்பார்க்காத ஒரு மின்னஞ்சல் வந்தது. வேறொரு கண்டத்தில், மலைகளின் மேல் மழைமானிகளைப் பராமரிக்கிற ஒரு பெண் எழுதியிருந்தார். அவருடைய கருவிகள் எல்லாம் அந்தப் பழைய கோப்பு முறைமையில் ஓடுகின்றன. பல வருடமாக, பெரிய இடிமழைக்குப் பிறகு எப்போதாவது ஒரு அளவு மட்டும் காணாமல் போகுமாம். வயரை மாற்றினார், பேட்டரியை மாற்றினார், மழைமானியையே மாற்றினார். பனியில் மலையேறிப் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு இறங்கிய கதையையும் எழுதியிருந்தார். என் திருத்தங்களைப் போட்டுத் தன் வீட்டு மேஜையில் மின்சாரத்தைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்ததாகவும், இனி மலையேறினால் காட்சி பார்க்க மட்டுமே ஏறப்போவதாகவும் முடித்திருந்தார்.

அதைத் தோழிக்குத் தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அவள் வந்து தோளைக் கட்டிக்கொண்டாள். பிறகு, "அந்தம்மாவக் கேளு, மலை மேல எடுத்த போட்டோ இருக்கான்னு" என்றாள்.

திருத்தங்கள் ஏற்றுக்கொள்ளப்பட்டன என்ற செய்தி ஒரு பிற்பகலில் வந்தது. அம்மாவுக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நாளைக்கு லீவு வுடுவாங்களா?" என்றாள். யோசித்துப் பார்த்தபோது அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. லீவு எழுதிப்போட்டேன். அன்று சாயங்காலம் தோழியின் ஸ்கூட்டரில் நாங்கள் இருவரும், தன் பைக்கில் அண்ணனும் அதியமான்கோட்டை வரை போய், நெடுஞ்சாலையோரக் கடையில் பரோட்டா சாப்பிட்டோம். லாரிகள் சேலத்துப் பக்கம் போய்க்கொண்டே இருந்தன. போனில் அந்தத் திருத்தத்தைத் திறந்து அண்ணனிடம் காட்டினேன். தன் பெயரை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"என் கல்யாணப் பத்திரிகைல கூடத் தப்பா அடிச்சாங்க. இதுல சரியா வந்திருக்கு" என்றார். "இது எப்ப வரைக்கும் இருக்கும்?"

"இதை அழிக்க மாட்டாங்கண்ணே. அந்தக் கர்னல் இருக்கற வரைக்கும் இருக்கும்."

அவர் இன்னொரு பரோட்டா சொன்னார்.

அடுத்த வாரம் தோழி அவருக்குத் தெரியாமல், அவர் பெயர் வந்த அந்த ஒரு வரியைச் சின்ன ஃப்ளெக்ஸாக அடித்துக்கொண்டு வந்தாள். பட்டறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அது தொங்குகிறது. கேட் அளவு சொல்ல வருகிறவர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் அவர் பெயரைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்கிறார்கள். நான் படியேறும்போது ஒருநாள் அவர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"உலகத்துல இருக்கற கம்ப்யூட்டர் அத்தனையும், கரண்ட் போனாலும் இனி ஒண்ணும் ஆகாதுங்க. நம்ம கையாலதான் டெஸ்ட் பண்ணுனது."

நான் பாதிப் படியில் நின்று, "அண்ணே, அத்தனையும் இல்லீங்க. அந்த ஒரே ஒரு கோப்பு முறைமை மட்டும்தான்" என்றேன்.

அவர் முகமூடியை இறக்கிக்கொண்டார். "அவ்வளவும் வெவரமா சொல்லிக்கிட்டு இருந்தா, இவங்க கேட்டை எப்பம்மா முடிக்கறது?" என்று சொல்லிப் பற்றவைக்கத் தொடங்கினார்.